பல் பதிந்த ரொட்டி

கடைத்தெரு முனையில் மூடிக் கிடந்த இத்தாலியன் ரெஸ்டாரண்டை மறுபடி திறந்ததிலிருந்து பல் டாக்டரம்மாவின் தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "யாரோ புதுசா எடுத்து நடத்துறாங்களாம்க்கா. சாப்பாடு பிரமாதமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீயும் மாமாவும் வர்றீங்க. என் விருந்து" என்று போனில் ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கூட அவள் பார்த்ததில்லை. சரி, இப்போதாவது மனசு வந்ததே என்று சந்தோஷமாகத்தான் கிளம்பினாள்.

கதவைத் திறந்ததுமே புதுப் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு மேல் யாரோ ரோஜா வாசனை ஸ்பிரேயைத் தாராளமாக அடித்திருந்தார்கள். இரண்டையும் மீறிக்கொண்டு, அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாடை கீழிருந்து எழும்பி வந்தது. அவள் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். கணவர் முழங்கையால் மெல்ல இடித்தார்.

"வந்த இடத்துல மூஞ்சியைச் சுளிக்காதே. ஆசையா கூப்பிட்டிருக்கான்."

ஜன்னலோர மேஜையில் ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவிடம் பல் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும். அடைத்துவிடலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம், "வேணாம் டாக்டர், என் அழகே அதுலதான் இருக்கு" என்று சொல்லிவிடுவார். இப்போதும் வாய் நிறைய ரொட்டியோடு அந்த இடைவெளி தெரியச் சிரித்துக் கையசைத்தார். அவளும் சிரித்தாள்.

தம்பி காத்திருந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தால், முழங்கை விரிப்பில் ஒட்டிக்கொண்டது. மெனு அட்டையைப் பிரித்தபோது பக்கங்கள் ஒன்றையொன்று விடமாட்டேன் என்று பிய்ந்து வந்தன. உள்ளே காய்ந்த சாஸ் ஒரு பொருக்குபோல் தட்டுப்பட்டது. அவள் விரல் நுனியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் மெனுவைத் தொடவே இல்லை. எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன்போல் அவர்களுக்குப் பாஸ்தாவும் கார்லிக் பிரெட்டும் சொன்னான். தனக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை மட்டும் உரிக்காமல் கொண்டுவரச் சொன்னான்.

"நீ சாப்பிடலையாடா?"

"வயிறு சரியில்லக்கா. நீங்க சாப்பிடுங்க, நான் பார்த்துட்டு இருக்கேன்."

பாஸ்தா வந்தது. சாஸின் மேல் ஆடை படிந்திருந்தது. முள்கரண்டியால் குத்தியதும் அது சுருங்கி விலக, அடியில் எண்ணெய் மஞ்சளாகத் தேங்கி நின்றது. ஓரம் நாக்கைச் சுட்டது. நடுப்பகுதி ஐஸாக இருந்தது. சீஸ் நூல் நூலாக இழுபட்டுத் தொண்டைக்குழியில் போய் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். கணவர் பாவம், மைத்துனன் மனசு நோகக் கூடாதென்று பாதித் தட்டைக் காலி செய்திருந்தார்.

"எப்படிக்கா?" என்றான் தம்பி. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்… பரவால்ல."

"பரவால்லயா? நல்லா இருக்குன்னு சொல்லேன்!"

அதற்குள் ஜன்னலோர மேஜைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த மேஜையிலிருந்த கூடையையும் தட்டுகளையும் பரிமாறுகிறவர் உள்ளே கொண்டுபோனார். சற்று நேரத்தில் இவர்கள் மேஜைக்குத் துணி மூடிய கூடையில் கார்லிக் பிரெட் வந்தது. நல்ல சூடு. பாஸ்தாவைவிட இதுவாவது தேவலை என்று கணவர் ஒன்றை எடுத்து மென்றார். அவள் அடியிலிருந்த துண்டை எடுத்தாள். வாய்க்கருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

ரொட்டியின் ஓரத்தில் ஒரு கடி. கத்தி வெட்டியதும் கையால் பிய்த்ததும் அப்படி வளைந்து இருக்காது. இரண்டு அகலமான பற்கள் பதிந்திருந்தன. நடுவில் பல் படாத ஒரு சின்ன மேடு தப்பித்து நின்றிருந்தது. வருஷக்கணக்காக அந்த வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கடிபட்ட இடத்தில் புதிதாக வெண்ணெய் தடவிச் சூடாக்கியிருந்தார்கள். எச்சில் ஊறிய அந்த விளிம்பு மொறுமொறுவென்று பொன்னிறமாகப் பொரிந்திருந்தது.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அதைத் துப்புங்க."

"எதை?"

"வாயில இருக்கிறதைத் துப்புங்கன்னு சொல்றேன்!"

ரொட்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "அக்கா, அங்க போகாதே!" என்று தம்பி பின்னால் கத்தினான்.

உள்ளே சமையல்காரர், சாப்பிட்டு வந்த தட்டொன்றைச் சாய்த்து, மிச்சமிருந்த சாஸைக் கரண்டியால் வழித்துப் பெரிய பாத்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பாதி ரொட்டிகள். அடுப்புக்கடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் நூடுல்ஸ்போல் ஏதோ ஊறிக் கிடந்தது. கரண்டியும் கையுமாக அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதைத்தான் எல்லாருக்கும் போடுறீங்களா?"

"நானா போடலம்மா." அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எதையும் வீணாக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. செய்யலன்னா நாளைக்கு எனக்கு இங்க வேலை இல்ல."

"யாரு உங்க முதலாளி?"

கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியே அவர் மோவாயால் காட்டினார். அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோலைக் கையில் நசுக்கியபடி அவள் தம்பி நின்றிருந்தான்.

ஏன் அவன் எதையும் தொடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்தே அழைத்து வந்திருக்கிறான். மாமா மென்று விழுங்குவதைப் பழம் உரித்துக்கொண்டே பார்த்திருக்கிறான்.

வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"எங்களை ஏன்டா கூட்டிட்டு வந்தே?"

"மெதுவாப் பேசுக்கா, எல்லாரும் பாக்கறாங்க. ஊர்ல பாதிப் பேர் உன்கிட்டதான் வாயைக் காட்டுறாங்க. டாக்டரம்மாவே அங்க சாப்பிட்டாங்களாம்னு ஒரு பேச்சு வந்தா போதும், கடை நிமிர்ந்துடும். இதுல என்ன தப்பு?"

"ஊரான் எச்சிலை உன் மாமாவுக்குப் போட்டிருக்கே."

"அதான் சூடு பண்ணிட்டோமே! எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? நீயே டாக்டர், உனக்குத் தெரியாதா?" அவள் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கினான். "இப்ப பாரு, எனக்கு என்ன ஆகுதுன்னு பாரு."

சொன்னதோடு நிற்காமல் அந்தக் கடிபட்ட பக்கத்தையே வாயில் வைத்துக் கடித்தான். வேகவேகமாக மென்றான். உதட்டோரம் வெண்ணெய் வழிந்தது. விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியும், அவளை முறைத்தபடி மென்றுகொண்டே இருந்தான்.  அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த மேஜையில் ரொட்டிக் கூடையை நோக்கி நீண்ட ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாப்பிடாதீங்க. இன்னொருத்தர் கடிச்சு வச்சது."

 நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. கணவர் அதற்கு முன்பே வெளியே ஓடி, நடைபாதையோரம் குனிந்து நின்றிருந்தார்.

மறுநாள் அவளே போய்ச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அவர்கள் வந்து பார்த்துக் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். "கூடப் பிறந்தவன் வயித்துல அடிச்சிட்டியே" என்று அம்மா போனில் அழுதாள். "அந்த ரொட்டியை நீ தின்னிருந்தா இப்படிப் பேச மாட்டேம்மா" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அக்காதான் கெடுத்தாள் என்றும் சொல்லவில்லை. வேறு ஏதோ தொழில் ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டுப் போனான்.

அந்தத் தம்ளரை அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். வெந்நீர் ஊற்றினாள். பிறகு குப்பைத்தொட்டியில் போட்டு மூடினாள்.

"உன் தம்பிம்மா அவன்" என்றார் கணவர்.

"தெரியுங்க" என்றாள். கையை இன்னொரு தடவை கழுவிக்கொண்டாள்.