மூன்றாவது மாடிக்கு வந்த பெட்டி

வரவேற்பு மேஜையிலிருந்து பெட்டியைத் தூரத்தில் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓரங்களில் பழுப்பு டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி. மேலே கறுப்பு மையில், அச்சடித்த மாதிரி ஒரே அளவில் நிற்கும் எழுத்துகளில், ‘உடையும் பொருள், கவனம்’. அந்தக் கையெழுத்து இந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை பிடித்து, வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிற பிளான் சார். போன வாரம் இதே பெட்டியை இதே மேஜையில் வைத்துவிட்டு, கூரியர்காரர் வந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார். மகளுக்கு அனுப்புகிறார். இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் திரும்பி வந்தன. இப்போது இதுவும் வந்துவிட்டது.

கூரியர்காரருக்கு இங்கே மின்னல் என்று பெயர். அவர் பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால் வைத்த பெயர். அன்றும் மற்ற பார்சல்களோடு இந்தப் பெட்டியையும் ஆற அமர இறக்கி வைத்துவிட்டுக் கருவியை நீட்டினார். அவள் வழக்கம்போல வரிசையாகக் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கட்டடத்தில் கூரியர்காரர்கள் வரவேற்பைத் தாண்டி மேலே போகக் கூடாது. எந்தப் பார்சலாக இருந்தாலும் அவள்தான் வாங்க வேண்டும், இன்டர்காமில் கூப்பிட வேண்டும், அவரவர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து மாடிக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா வயதுள்ள ஆடிட்டர்கூட அவளை ‘ரிசப்ஷன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு பார்சலிலும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவாள். நீளமாகச் சுருட்டி வந்தால் விளம்பரக் கம்பெனி. கனத்து, மூலை நசுங்கி வந்தால் ஆடிட்டரின் கோப்புகள். தினம் ஒன்று வந்தால் நான்காவது மாடி மென்பொருள்காரர்கள். அந்தப் பையன்கள் சம்பளம் வாங்குகிறார்களா, நேராகக் கடைக்கே அனுப்பச் சொல்லிவிட்டார்களா என்று அவளுக்குச் சந்தேகம். இதுவரை ஒரு பார்சல் மாறிப் போனதில்லை, தொலைந்ததில்லை. யாராவது பாராட்டினால், இதில் என்ன இருக்கிறது என்று சொல்லுவாளே தவிர, உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமைதான்.

பிளான் சார் அதிகம் பேசுகிறவர் இல்லை. மின்னலுக்காகக் காத்து நின்ற நேரங்களில், கேட்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தார். மகள் தானே ஒருவனைத் தேடிக் கல்யாணம் செய்துகொண்டாள். சொல்ல வந்தவளிடம், இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். மனைவி இருந்தவரை அம்மாவும் பெண்ணும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்களாம். மனைவி போன பிறகு அதுவும் நின்றுவிட்டது. வேறு ஊரில் இருக்கிறாள், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறார். இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்கிற மாதிரி வீட்டை, பேத்தி விளையாடுகிற அளவில் அட்டையில் செய்து அனுப்பினார். திறந்து மூடுகிற ஜன்னல்கள் வைத்த வீடு. முதல் முறை திரும்பி வந்தபோது பெட்டியை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனார். லிஃப்டில் யாராவது என்ன பெட்டி என்று கேட்பார்கள். இரண்டாவது முறை வந்தபோது அந்த வாரம் முழுக்க அலுவலகத்துக்கே வரவில்லை.

மூன்றாவது முறை அனுப்பும்போது மட்டும் முகம் தெளிந்திருந்தது.

“இந்தத் தடவை அவ எடுத்துக்குவான்னு தோணுதும்மா. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல” என்றார்.

அதை நினைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மின்னல் தலை மறைந்ததும் பெட்டியை எடுத்து, காகிதக் கட்டுகள் அடுக்கும் அலமாரியின் அடித்தட்டில் உள்ளே தள்ளினாள். கண்ணில் படக் கூடாது என்று மேலே இரண்டு கட்டுக் காகிதத்தைத் தூக்கி வைத்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. இன்னொரு முறை அந்த மனுஷர் படியேறிப் போவதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

மாலையில் இறங்கி வந்தவர் மேஜையருகே நின்றார்.

“ஏம்மா, எனக்கு ஏதாவது வந்ததா?”

“இல்ல சார். ஒண்ணும் வரல.”

அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு ‘வரல’வுக்கும் அவர் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. திரும்பி வருகிற பெட்டி இத்தனை நாளில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் மகள் வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். முடி வெட்டிக்கொண்டார். சட்டை இஸ்திரி போட்டு வந்தார். வாசலில் காவலாளியோடு நின்று டீ குடித்தபடி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். செய்தது சரிதான் என்று தோன்றியது. வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, “நீ பார்சல் வாங்குற வேலைக்குப் போறியா, பஞ்சாயத்து பண்ற வேலைக்குப் போறியா?” என்று கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. அவனுக்கு என்ன தெரியும், அந்த முகத்தை அவன் பார்த்தானா?

ஆனால் சந்தோஷம் கொஞ்ச நாளில் வேறு மாதிரி ஆகிவிட்டது. வாங்கிக்கொண்டவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இப்போது அவர் கேட்கும் கேள்வி மாறியிருந்தது. போன் வந்ததா, யாராவது தேடிக்கொண்டு வந்தார்களா. இல்லை என்றதும் ஒரு கணம் நின்று, “வேலையா இருப்பா. சின்னக் கொழந்தைய வச்சிக்கிட்டு” என்று அவளுக்குச் சமாதானம் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். சட்டையில் மறுபடியும் கசங்கல் வந்தது. அவருக்கு ஒரு வேதனையை மிச்சம் பிடித்ததாக நினைத்து இன்னொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மாதக் கடைசி. மேஜையைச் சுற்றி ஆட்கள், மேஜை மேல் பார்சல்கள், தலைக்கு மேல் வேலை. ஒரு பெண் குரல்.

“உங்க பில்டிங்குக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தேன். மூணாவது மாடி. டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. அது அவர் கைக்குப் போயிடுச்சாங்க?”

மூன்றாவது மாடியில் ஏழெட்டு அலுவலகங்கள். தினமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

“இங்க நான் வாங்கின பார்சல் எதுவும் போய்ச் சேராம இருந்ததே இல்லைங்க. அன்னிக்கே குடுத்தாச்சு.”

“அவரே வந்து வாங்கினாரா?”

“அவங்கவங்களேதான் வந்து வாங்குவாங்க.”

அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு யாருக்கோ கையெழுத்துப் போட இடம் காட்டினாள்.

“சரிங்க. அது தெரிஞ்சா போதும்” என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

மறுநாள் பிளான் சார் ஒன்றுமே கேட்காமல் மேஜையைக் கடந்து போனார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியை அதே முகவரிக்குத் தன் செலவில் இன்னொரு முறை அனுப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை நாளில் அந்தப் பெண்ணின் மனம் இளகியிருக்காதா? மின்னல் வந்ததும் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள். மேல்பக்கம் நடுவில் குழிந்திருந்தது.

“இத எடுத்துட்டுப் போய் மறுபடி புக் பண்ணிடுங்கண்ணே. திரும்பி வந்ததுன்னு சாருக்குத் தெரிய வேண்டாம்.”

மின்னல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“எங்கே அனுப்பணும்க்கா? இது அங்கேருந்து இவருக்கு வந்தது. பழைய பெட்டியிலயே வச்சு அனுப்பியிருக்காங்க. ரிட்டர்ன்னா செவப்பு ஸ்டிக்கர் இருக்குமே, இதுல எங்க இருக்கு?”

அவள் வாங்கிப் பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் ஒரு பெண் பெயர், கீழே தொலைபேசி எண். பெறுநர், பிளான் சார். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. புரட்டிப் பார்த்திருந்தால் போதும். அப்போதுதான் அந்தக் குரல் ஞாபகம் வந்தது. அவரே வந்து வாங்கினாரா என்று அது கேட்டதும், தான் பதில் சொன்னதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மின்னல் போன பிறகும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் வந்தது சார் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மகளுக்குத் தெரியும். அப்பா வாங்கிக்கொண்டு, திறந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று இந்நேரம் அவள் முடிவு கட்டியிருப்பாள். அதுவும் இவள் சொல்லித்தான். காவலாளியிடம் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டியோடு மாடியேறினாள். இத்தனை வருஷத்தில் யாருடைய பார்சலையும் அவள் மேலே கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்கேலை மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் வந்ததைச் சொன்னபோது மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

“யாரும்மா கேட்டா உங்கள?” என்றார். குரல் உயரவில்லை. “நான் கேட்டனா?”

“இல்ல சார்.”

“என்னைப் பார்த்தா பரிதாபமா இருந்ததோ?”

“ஆமா சார்.”

அதற்கு மேல் அவர் அவளைப் பார்க்கவில்லை. டேப்பை பிளேடால் கீறினார். உள்ளே அட்டையில் செய்த ஒரு வீடு. அவர் அனுப்பியது இல்லை. ஒரு குழந்தை பிஸ்கட் அட்டைகளை வெட்டி ஒட்டிச் செய்தது. ஒரு சுவர்கூட நேராக இல்லை. காகிதக் கட்டுகளின் கனத்தில் கூரை உள்ளே இறங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அவர் விரலை உள்ளே விட்டுக் கூரையை மெல்ல மேலே தள்ளினார். அது நிற்கவில்லை. மறுபடியும் தள்ளினார்.

“படிக்கட்டு வச்சிருக்கா பாருங்க” என்றார், யாரிடமோ சொல்லுகிற மாதிரி. “நான் செஞ்சதுல வாசப்படி வைக்க மறந்துட்டேன். மூணு தடவை அனுப்பியும் எனக்குத் தோணல.”

அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

“கூப்பிடுங்க சார். நம்பர் இருக்கு” என்றாள்.

“என் போன எடுக்க மாட்டா. நீங்களே பேசுங்க. குடுத்துட்டேன்னு சொன்னது நீங்கதான, இல்லைன்னும் நீங்களே சொல்லுங்க.”

இருவரும் கீழே வந்தார்கள். காவலாளி எழுந்து வாசலுக்குப் போனான். அவர் மேஜைக்கு வெளியே, பார்சல் வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், பெட்டியை அணைத்தபடி நின்றார். அவள் சீட்டைப் பார்த்து எண்களை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது அதே குரல்.

“ரிசப்ஷன்லேருந்து பேசுறேம்மா. அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்ப, பார்சல் குடுத்தாச்சுன்னு சொன்னேன். குடுக்கலம்மா. அவர் அனுப்பினதுதான் திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சு, நானே எடுத்து வச்சுட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இப்பதான் அவர் கைக்குப் போச்சு. தப்பெல்லாம் என்னோடதும்மா.”

மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“இப்பதானா?”

“இப்பதாம்மா.”

“நான் எம்பொண்ணுகிட்ட, தாத்தாவுக்குப் பிடிக்கலன்னு…” குரல் அறுந்தது. பிறகு, “அவர் பக்கத்துல இருக்காரா?”

அவள் நிமிர்ந்தாள். ரிசீவரிலிருந்து வந்த குரல் அவருக்கும் கேட்டிருந்தது. அவர் இல்லை என்று தலையசைத்தார். முதலில் மெதுவாக, பிறகு வேக வேகமாக. இந்தச் சைகை அவளுக்குப் புதிதில்லை. கடன்காரர் வந்தால், வாடிக்கையாளர் கத்தினால், இந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் இந்த மேஜைக்கு அப்பால் நின்று இதைத்தான் செய்வார்கள். வெளியே போயிருக்கார்ங்க, வந்ததும் சொல்றேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு வரும் வாக்கியம். இப்போதும் அது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவள் அதைச் சொல்லாமல் ரிசீவரை மேஜைக்குக் குறுக்கே அவரிடம் நீட்டினாள். சுருள் ஒயர் பார்சல்களின் மேல் இழுபட்டு, ஒரு உறை நழுவித் தரையில் விழுந்தது. அவர் இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிசீவருக்குள் அந்தக் குரல் ஹலோ, ஹலோ என்றது. அவள் கை வலிக்க ஆரம்பித்தது. கீழே இறக்கவில்லை.