லாரி கட்

அடையாறு கல்லூரி மைதானத்தில் மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டியை மேடைக்கு ஏற்றும்போது ஷரஃபுதீனின் கால் படியிலேயே நின்றுவிட்டது. பெட்டி எழுபது கிலோ. மறுமுனையைப் பிடித்திருந்த சவுண்ட் சர்வீஸ் முதலாளி தங்கவேல் கத்தினார்.

"இன்னா பாய், நடுவுல நின்னுக்கினு? என் இடுப்பு வுட்டுப் பூடும்யா!"

ஷரஃபுதீன் மேடையையே பார்த்தார். மேடையில் நான்கு மாணவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடாரைத் தொடைவரை தொங்கவிட்டிருந்த சாய்நாத் மைக்கைக் கடித்துத் தின்பதுபோல் பாடினான்.

"லாரி வரல, லாரி வரல! குடம் வந்தாச்சு, லாரி வரல!"

பாட்டின் நடுவில் நாலு பேரின் வாசிப்பும் திடீரென்று தலைதெறிக்க ஓடியது. வேகம் ஒன்றரை மடங்கு. சாய்நாத்தின் குரல் பூனைக்குட்டிக் குரலாக மெலிந்தது. நாலே வரி. மறுபடி பழைய வேகம்.

ஷரஃபுதீனுக்கு அந்தப் பாட்டு தெரியும்.

எண்பத்து மூன்று. தண்ணி லாரிக்காக ஊரே குடத்தோடு தெருவில் நின்ற வருஷம். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில், லீவு நாளில், நாலு தொழிலாளிகள். பர்மா பஜாரில் கிடைத்த ஒரு வெளிநாட்டு கேசட்டைக் கேட்டுவிட்டு, "இப்படிக் கத்துறதுக்கு நமக்கு இன்னாடா கொறச்சல்?" என்றான் வடிவேலு. இந்த லாரிப் பாட்டை எழுதியது அவன், பாடியது அவன். டிரம்ஸ் ஷரஃபுதீன். மூன்று கச்சேரி நடந்தது. மூன்றாவதில் செருப்பு வந்தது. அத்தோடு சரி. வடிவேலு மஞ்சள்காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. பட்டறையில் பதிந்த ஒரே கேசட் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனதோ.

ஒத்திகை முடிந்ததும் ஷரஃபுதீன் ஒயரைச் சுற்றிக்கொண்டே சாய்நாத்திடம் போனார்.

"தம்பி, இந்தப் பாட்டு..."

"செம்ம இல்ல பாய்? மெட்ராஸ்ல இன்னிக்கு எந்த காலேஜ் பேண்டா இருந்தாலும் நடுவுல ஸ்பீடு ஏத்தறான் பாருங்கோ, அதுக்குப் பேரே லாரி கட். எல்லாம் இந்த ஒரு கேசட்லேர்ந்து வந்தது. யார் பாடினதுன்னு யாருக்கும் தெரியாது."

"வடிவேலு பாடுனது. டிரம்ஸ் நான்."

சாய்நாத் சிரித்தான். பின்னாலிருந்த டிரம்ஸ்காரப் பையனும் சிரித்தான்.

"நெசமாத்தான் தம்பி. உங்க பாட்டை கேசட் போட கம்பெனிலேர்ந்து இன்னிக்கு ஆள் வராங்களாமே. அட்டையில வடிவேலு பேரு மட்டும் போட்டாப் போதும். என் பேரு வேணாம்."

"அப்ப வாசிச்சுக் காட்டுங்கோ."

ஷரஃபுதீன் டிரம்ஸில் உட்கார்ந்தார். முதல் அடியிலேயே டிரம்ஸ்காரப் பையனின் சிரிப்பு நின்றது. சாய்நாத் கிடாரை எடுத்துச் சேர்ந்துகொண்டான். வேகம் ஏறும் அந்த இடம் வந்தது. சாய்நாத் பாய்ந்தான். ஷரஃபுதீன் பாயவில்லை. அன்று வாசித்தபடியே, அதே நிதானத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

சாய்நாத் நிறுத்தினான். "பாத்தேளா? லாரி கட்டையே விட்டுட்டேள்."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல தம்பி. பக்கத்து ஷெட்டுல வெல்டிங் போட்டான், வோல்டேஜ் எறங்கிடிச்சி. டேப் மெதுவா ஓடறப்ப பதிஞ்சது, போட்டுக் கேட்டா வேகமாப் போவும். வேற கேசட் இல்ல, அப்படியே வுட்டுட்டோம்."

"வோல்டேஜா?" சாய்நாத்தின் முகம் சிவந்தது. "அந்தப் பாட்டோட உயிரே அதுதான் பாய். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்கோ."

தங்கவேல் ஓடிவந்தார். "மன்ச்சிக்கோ தம்பி. யோவ் பாய், நம்மளை புக் பண்ணதே இந்தப் பசங்கதான். நாளைலேர்ந்து வூட்ல குந்திக்கினு டிரம்ஸ் வாசிக்கிறியா? எந்திரி."

ஷரஃபுதீன் எழுந்தார். குச்சிகளைப் பையனிடம் கொடுத்தார். மிச்ச ஒயரைச் சுற்றினார்.

ஆறரைக்கு மைதானம் நிரம்பிவிட்டது. மேடைக்குப் புது பிளைவுட் போட்டிருந்தார்கள். முதல் பாட்டிலேயே, பெடலை மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. சாய்நாத் ஓரத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். தங்கவேல் ஷரஃபுதீனின் முதுகில் தட்டினார்.

"போய் முட்டுக்கொடு."

ஷரஃபுதீன் குனிந்தபடி போய் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தார். முதுகை அதில் சாய்த்து, கால்களை மேடை விளிம்பிலிருந்த ஸ்பீக்கரில் ஊன்றிக்கொண்டார். டிரம் அதற்குமேல் நகரவில்லை.

"அடுத்தது எங்க பாட்டு!" என்றான் சாய்நாத். "லாரி வரல!"

இரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவர் முதுகெலும்பில் அடி விழத் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் கூட்டம் மொத்தமும் பூனைக் குரலில் கத்தியது. அவர் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மேடைக்குக் கீழே கேசட் கம்பெனிக்காரர் அட்டைப் படத்துக்காகக் காமிராவைக் கண்ணில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். பிறகு ஷரஃபுதீனைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே, இன்னும் கீழே என்று சைகை காட்டினார்.

ஷரஃபுதீன் முதுகை எடுக்காமலே, தலையை மட்டும் முழங்கால்களுக்கு நடுவே இறக்கிக்கொண்டார்.

ஃபிளாஷ் மின்னியது.