முதல் வகுப்பு யாருடையது

என் மனைவியின் அண்ணன் பெயரைக் கல்லில் வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்குத் தெரியாது.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இது நாற்பதாம் ஆண்டு. வளாகத்துக்குள்ளேயே பேருந்து ஓடுகிறது. மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, லிஃப்ட் வைத்த நூலகம் எல்லாம் வந்துவிட்டன. ஆரம்பத்தில் இருந்தது அரசாங்கத்தின் பழைய தானியக் கிடங்கு மட்டும்தான். நடுவில் பலகை அடித்து இரண்டு அறையாக்கினார்கள். ஒன்றில் நான் கணக்கு, மற்றதில் மச்சான் வரலாறு. ஒரே மணிக்குத்தான் இரண்டு பேரும் உள்ளே போனோம். இப்போது அங்கே முதல் வகுப்பு எடுத்தவர் பெயரில் கல் பதிக்கிறார்களாம். பல்கலைக்கழக வரலாற்றை எழுதும் பொறுப்பு மச்சானிடம் இருந்தது. மனுஷன் தன்னையே முதல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

எதில்தான் அவர் என்னை விட்டுவைத்தார்? என் பிள்ளைகள்கூடச் சின்ன வயதில் கணக்கில் சந்தேகம் வந்தால் மாமாவிடம்தான் ஓடும்.

"ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயாச்சு. யார் பேர் இருந்தா என்ன?" என்றாள் மனைவி.

"உங்க அண்ணன் பேராச்சே, உனக்கு இனிக்கத்தான் செய்யும்."

"நம்ம கல்யாண போட்டோல அவர் நடுவுல நின்னுட்டார்னு அன்னைக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட ஆளுதானே நீங்க."

நாற்பதாம் ஆண்டு விழாக் குழுவிடம் போய் முறையிட்டேன். குழுத் தலைவி இப்போதைய பதிவாளர்; அந்த முதல் நாளில் என் வகுப்பில் முன்வரிசை மாணவி. அந்தத் தைரியத்தில் குழுக் கூட்டத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"வாங்க மாப்ளே" என்று மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. மணி அடிச்சதும் நான் பாடத்த ஆரம்பிச்சேனா இல்லையா?" என்று பதிவாளரைக் கேட்டேன்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உள்ள வந்து போர்டுல தேதி எழுதினீங்க. அப்போ பக்கத்து ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சாக்பீஸும் கையுமா நடுவுல இருந்த பலகைத் தடுப்புகிட்ட போய் காத வெச்சீங்க. வகுப்பு முடியற வரைக்கும் அங்கயேதான் நின்னீங்க."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

மச்சான்தான் வாயைத் திறந்தார். "நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல மாப்ளே."

"பல்வலியோட போருக்குப் போன ராஜா கதை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. ராஜா தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு போட்ட கட்டளை தளபதிக்குப் புரியாமல், படை முழுவதும் திரும்பி வீட்டுக்கு நடந்தது வரை, ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

அறை முழுக்கச் சிரித்தது. என் வகுப்பில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இந்தச் சிரிப்பும் அவருக்குத்தான்.