டேங்க்கு வீடு திரும்பிய நாள்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. லிஃப்ட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோக இடம் இல்லை.

"தலைப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க சார்," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

அண்ணன் தூக்கினான். அவள் அப்பாவின் கால்களைப் பிடித்திருந்தாள். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொல்ல வந்த டாக்டருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கீழே வந்ததும் டிரைவர் கேட்டார். "எங்க போகணும்?"

"ஊருக்கு. அம்மாவ அடக்கம் பண்ண இடத்துக்குப் பக்கத்துல." சொல்லிவிட்டு அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "போலாமா? நீதான் சொல்லணும்."

அதுதான் அவள் வேலை. எந்த மாவட்டத்தில் சண்டை மூள எவ்வளவு வாய்ப்பு என்று திங்கட்கிழமைதோறும் அவள் அலுவலகம் ஓர் எண் சொல்லும். படைகள் நகர்வது, டீசல் விலை, தலைவர்களின் பேச்சு, பழைய துப்பாக்கிச் சூடுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் விழுங்கி ஓர் எண்ணைத் துப்பும். ஐந்து பேர் உட்கார்ந்து அதைக் கூட்டிக் குறைப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் அப்பாவின் மாவட்டத்துக்கு எழுபது வந்தது. அன்று மத்தியானமே அவள் கிளம்பிப் போனாள். தெரு முழுக்க எச்சரித்துவிட்டு, அப்பாவின் வீட்டைப் பூட்டினாள்.

"எழுபதுன்னா என்னம்மா?" என்று கேட்டார் அப்பா.

"இந்த மாதிரி நிலைமை நூறு தடவ வந்தா, எழுபது தடவ சண்டை வரும்பா."

"இது எந்தத் தடவ?"

அவர் சிரித்தார். நாற்பது வருஷம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஊருக்கே அவர் 'டேங்க்கு'தான். "ஊருக்குள்ள டேங்க்கு வந்துரும்னு பயப்படுற. நான் பொறந்ததுல இருந்து அங்கதானே இருக்கேன்," என்றார். ஆனாலும் பெண் கேட்டுக்கொண்டாளே என்று கூடவே அவள் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார்.

ஊரில் சண்டை வரவில்லை. வெறும் மூன்று என்று அவர்கள் போட்டிருந்த தெற்கு மாவட்டம் இரண்டே நாளில் எரிந்தது. அப்பா அதை டிவியில் பார்த்தார். அவள் அறைக்குள் வந்ததும் எழுந்து டிவியை அணைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகட்டுமா என்று மட்டும் வாராவாரம் கேட்பார். எண் நாற்பதுக்கு இறங்கிய இந்த வாரமும் கேட்டார். இன்னும் ஒரு வாரம் பொறுங்கப்பா என்றாள்.

"சொல்லு, போலாமா?" என்றான் அண்ணன் மறுபடியும்.

"நாப்பதுண்ணா."

"நான் கணக்கா கேட்டேன்?"

"தெரியலண்ணா."

"அவரக் கூட்டிட்டு வர்றப்ப மட்டும் தெரிஞ்சுதா?"

டிரைவர் டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அவள் பின்கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "போலாம்," என்றாள்.

வழியெல்லாம் அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியேதான். பெட்ரோல் பங்க்கில் வரிசை நீளமாக இருந்ததா, சாலைத் தடுப்பில் இருந்த சிப்பாய்கள் புதியவர்களா என்று கண் அதுபாட்டுக்குத் தேடிக்கொண்டே இருந்தது. எதிரே பதினோரு ராணுவ லாரிகள் போயின. படை விலகிப் போகிறதா, வேறெங்காவது திரளப் போகிறதா? ஜன்னல் வழியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பாவின் கை போர்வைக்கு வெளியே வந்தது. அவள் எடுத்து எடுத்து உள்ளே வைத்தாள்.

ஊரில் தெருவே திரண்டு நின்றது. யாரும் எங்கும் போயிருக்கவில்லை.

"ரிட்டயர்டு ஆகியும் விடியக்காலைல தொட்டிகிட்ட போய் நிப்பாரு," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "மூணு மாசமா தண்ணி நேரத்துக்கு வரல. புது ஆளுக்கு அந்த வால்வு பிடிபடல." பிறகு, ஆறுதலாகவே சொன்னார்: "இங்க ஒண்ணும் நடக்கலம்மா."

அடக்கம் முடிந்தது. மூன்று மாதம் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் அவளால் உட்கார முடியவில்லை. தெருவுக்கு வந்தாள். தையல் கடையின் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"குண்டு விழுந்தா கண்ணாடி செதறும்னு நீ சொன்ன இல்ல, அன்னைக்கு ஒட்டினது," என்றார் தையல்காரர். "வெளிச்சமே வர மாட்டேங்குது. ஊசி கோக்க முடியல. எடுத்துடலாமாம்மா?"

அவள் சாலையின் இரு பக்கமும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல மாமா."

அவர் கண்ணாடிப் பக்கம் போனார். "அப்ப மெஷின் பக்கம் மட்டும் எடுத்துடுறேன்," என்று நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். டேப் பாதியில் கிழிந்தது. அவள் போய் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாக இழுத்தார்கள். மெஷினில் அரைகுறையாகக் கிடந்த ஒரு சட்டைக் கையின் மேல் வெயில் விழுந்தது.