இருபத்தாறாவது வாரம்

பிரசவ வார்டின் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி மணி என்னவென்று வேடியப்பன் கேட்டபோது, அவன் மனைவி மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்வராயன் மலையில் சாமைக் காட்டில் களையெடுக்கும்போது மயங்கி விழுந்தவளை, நேற்றுக் காலை ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறக்கியிருந்தார்கள். கர்ப்பம் இருபத்தாறு வாரம்தான். முகமும் காலும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் நூற்றெண்பது. வலிப்பு வராமலிருக்க ஒரு ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு ஊசி.

"பிள்ளைய எடுத்தாதான் இது அடங்கும். இப்பவே எடுத்தா பிள்ளை பிழைக்கிறது கஷ்டம். ரெண்டு நாள் தள்ளிப் பார்க்கலாம். தலைவலி, கண் மங்கல் எது வந்தாலும் உடனே சொல்லணும், விட்டா தாய் உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் அருள்மொழி சொல்லியிருந்தார்.

வேடியப்பன் குனிந்தான். "கண்ணு தெரியலதான?"

"காலையிலேருந்து உம் மூஞ்சியே பொகையாட்டம் கீது. தலை பொளக்குது." அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "சொல்லிராத. சொன்னா எடுத்துருவாங்க. இன்னும் ஒரு நாளு உள்ள இருக்கட்டும்."

உள்ளே குழந்தை உதைத்தது. முன்பு இரண்டு தங்கவில்லை. உதைக்கிற அளவுக்கு வந்தது இதுதான்.

தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தான். பாட்டில் நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகே குழாயை மூடினான். இவள் இனிமேல் தன்னிடம் பேசாமலே போகலாம். பேசாமல் இருப்பதற்காவது இவள் இருக்க வேண்டும். நர்ஸின் மேசை முன் போய் நின்றான்.

"அவளுக்குக் கண்ணு தெரியலைங்க, சிஸ்டர்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, அவன் குரல் வந்த பக்கமாக அவள் தலையைத் திருப்பினாள். "நீயே சொல்லிட்டியா?" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

பெண் குழந்தை. எழுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயில் மூச்சு. பிழைக்குமா என்று ஒவ்வொரு நாளாகத்தான் பார்க்க முடியும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை மகேஸ்வரிக்குப் பார்வை தெளிந்திருந்தது. அவனைப் பார்த்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் மார்பை அழுத்திக் காட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு தானே பீச்சினாள். நெடுநேரம் கழித்து மஞ்சளாய் நாலைந்து சொட்டுச் சீம்பால். ஊசியில்லாத சிரிஞ்சில் நர்ஸ் அதை உறிஞ்சிக் கொடுத்தாள். மகேஸ்வரி அதைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

வேடியப்பன் வாங்கிக்கொண்டான். கூட்டம் இடித்துவிடாமல் சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டியே குழந்தைகள் பிரிவுக்கு நடந்தான்.