அரைச் சுற்று

நவம்பர் பதினெட்டு, காலை ஆறே கால். வாய்க்கால் பாலத்தை ஒட்டி நின்ற பழைய மரம் வேரோடு சாய்ந்து, ஒரு பால் வேனின் முன்பக்கத்தில் விழுந்தது. வேன் மரத்தோடு, மழைநீர் ஏறிக்கொண்டிருந்த வாய்க்கால் சரிவில் இறங்கி நின்றது.

ஆறே முக்காலுக்கு மெக்கானிக் வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஓட்டுநரின் முழங்காலைத் தொட்டிருந்தது. அவருடைய இடது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டியிருந்தது. தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு மரம் அறுக்கும் மெஷின். அது மரவெட்டியுடையது. மரவெட்டி, மெக்கானிக்கின் தங்கை புருஷன்.

இருவரும் பேசி ஒரு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் மெக்கானிக் சரிசெய்து கொடுத்த மெஷினின் பிஸ்டன் நாலாம் நாளே இறுகிப்போனது. மச்சான் கை வைத்தால் விளங்குமா என்று மரவெட்டி போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார். தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இன்று ஆள் விட்டுக் கூப்பிட்டது மரவெட்டிதான். மெஷின் வெறுமனே ஓடும்போது காதைக் கிழித்தது. சங்கிலி மரத்தைத் தொட்டதும் செத்தது. மூன்று முறையும் இதே கதை.

சத்தத்தைக் கேட்டதுமே மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. பெட்ரோல் போதவில்லை. இப்படியே அறுத்தால் சூடேறி பிஸ்டன் இறுகும். அப்புறம் அது வெறும் இரும்பு. ஆனால் காரணம் இரண்டில் ஒன்று. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகை யாரோ இறுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் கிழிந்து காற்று புகுந்திருக்க வேண்டும். திருகு என்றால் அரை நிமிட வேலை. குழாய் என்றால் பிரித்துப் பார்க்கவே இருபது நிமிடம்.

“மாப்பிள்ளை, திருகைத் தொட்டீங்களா?”

“நான் எதுக்குத் தொடப்போறேன்?”

சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். மாமன் மச்சான் வழக்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நீச்சல் தெரியாது என்று வேனுக்குள்ளிருந்து ஓட்டுநர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது.

மெக்கானிக் ஸ்பேனரோடு பிரிக்க உட்கார்ந்தார். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதில் கை வைத்தபோது மரவெட்டி பக்கத்தில் வந்து குந்தினார்.

“அரைச் சுற்று. நேத்து சாயங்காலம். சத்தம் மந்தமா இருந்துச்சுன்னு திருகை இறுக்கி விட்டேன்.”

“அரையா, முக்காலா?”

“அரை. போன வருஷம்தான் முக்கால்.”

மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. போல்ட்டை மறுபடி மாட்டினார். திருகை இடப்பக்கமாக அரைச் சுற்று திறந்து, கயிற்றை இழுத்தார். மெஷின் சளி கட்டிய தொண்டைபோல் கரகரத்தது. பழுது இன்னும் போகவில்லையே என்றார் கூட்டத்தில் ஒருவர். மரவெட்டியின் விரல் தானாகவே திருகுப் பக்கம் போனது. மெக்கானிக் அதைத் தட்டிவிட்டார்.

“இப்படித்தான் இருக்கணும். மரத்துல வெச்சாத் தெளியும். அறுங்க.”

வைத்தார். தெளிந்தது.

ஏழு இருபத்தைந்துக்கு மரத்துண்டு விலகியது. ஓட்டுநரை வெளியே தூக்கினார்கள். கால் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. தீயணைப்பு வண்டி ஏழே முக்காலுக்கு வந்தது.