மஞ்சள் தடுப்பு

நம்ம வீட்டுக் கனவு இவங்களுக்கு எதுக்கு?

பசை தடவிய அட்டையை மடித்து ஓரத்தை நகத்தால் நீவும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் அவளை அரித்தது. கட்டிங் மெஷினில் அவள் புருஷனுக்கு மூன்று விரல்கள் போனபோது எட்டிக்கூடப் பார்க்காத மேனேஜர், போன வாரம் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு நாடகக்காரர். கம்பெனி ஆண்டு விழாவில் ஒரு தொழிலாளி குடும்பத்தின் கனவை நாடகமாகப் போடப்போகிறார்களாம்.

புருஷனுக்கு வாயெல்லாம் பல். சொந்தமாக அட்டைப்பெட்டிப் பட்டறை, மகளுக்கு நர்ஸ் படிப்பு, ஒழுகாத கூரை என்று மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினான். "கண்ண மூடுனா பட்டறைதான் சார் தெரியும். சில நேரம் வேலையில நிக்கும்போதுகூட" என்று சிரித்தான். நாடகக்காரரும் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை, அந்தப் பேச்சை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். விரல்களுக்காகக் கம்பெனி மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.

வேலை முடிந்ததும் பேக்கிங் ஹாலில் ஒத்திகை. அவளாக அவளே நடிக்க வேண்டும். அவள் புருஷனாக, பக்கத்து மேசையில் பசை ஒட்டுகிற, எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் ஒல்லி ஆள்.

"இன்னைக்கு நான்தான் உன் வீட்டுக்காரன். சோத்துல உப்பு கம்மின்னா சும்மா விடமாட்டேன், ஆமா."

"உன் பொண்டாட்டிகிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்று யாரோ கேட்க, ஹாலே சிரித்தது. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

மேடையில் கம்பெனி அட்டையிலேயே செய்த கட்டிங் மெஷின் நின்றது. பிளேடுக்கு வெள்ளித்தாள். பிளேடுக்கு முன்னால், மஞ்சள் அடித்த கம்பித் தடுப்பு. தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் விரலில் ஒட்டியது.

"இது எதுக்கு தம்பி?" என்று மேடை அமைத்த பையனிடம் கேட்டாள்.

"கை உள்ள போகாம இருக்கறதுக்குக்கா. மேனேஜர் சார் வைக்கச் சொன்னார்."

நிஜ மெஷினின் தடுப்பு, மெஷின் வந்த அன்றே கழற்றப்பட்டு, கழிவு அட்டைக் குவியலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. தடுப்பு இருந்தால் ஒரு நேரத்தில் பாதி அட்டைதான் வெட்ட முடியும் என்று கழற்றச் சொன்னவரே மேனேஜர்தான்.

ஒத்திகை ஆரம்பித்தது. ஒட்டடைக்குச்சி தடுப்பைப் பிடுங்கி எறிந்தான். பட்டறைக் கனவில் கண்ணை மூடினான். அலறினான்.

"இப்ப நீங்க ஓடி வாங்கக்கா" என்றார் நாடகக்காரர். "'தடுப்பக் கழட்டாதீங்க, வேலையில கனவு காணாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்'னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழணும்."

"இந்த வசனம் நீங்க எழுதினதா?"

நாடகக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்குப் பக்கத்தில் வீடியோ கேமரா தயாராக இருந்தது. வெறும் ஒத்திகைக்கு எதற்குக் கேமரா?

"நடிப்புதானேம்மா" என்று மேனேஜர் எழுந்து வந்தார். குரலில் அப்படியொரு கனிவு. "பொண்ணு நர்ஸ் படிக்கணும்ல? கம்பெனி பாத்துக்கும். சொல்லுங்க."

மகளின் முகம் ஒரு கணம் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஷிஃப்ட் தொடங்கியிருந்தது. அவள் புருஷனின் இடத்தில் புது ஆள் ஒருவன், தடுப்பில்லாத பிளேடுக்கு அடியில் இரண்டு கைகளாலும் அட்டைக்கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

விரலில் இருந்த மஞ்சளை முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கு வராது சார்."

"பழகப் பழக வந்துடும்."

"வராது" என்றாள், குரலை உயர்த்தாமல். மேடையிலிருந்து இறங்கி, தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.